பழைய மடிக்கணினியில் பிறக்கும் மின்சுற்றுப் பலகை

2025 தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். படிவம் 4 மாணவன். அவனுடைய மாமா வேலை செய்யும் இடத்தில் கழித்துக் கட்டியதைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கொடுத்த கணினி அது. “அக்கா, இதுல விண்டோஸ் 11 ஏறாதாம். இனிமே இது குப்பைதானா?” என்று கேட்டான்.

அந்த மாதம் பல நாடுகளில் பலரும் கேட்ட கேள்விதான் அது. அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் இருக்க வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிள்ளைகள் கையில் இருக்கும் இரண்டாம் கைக் கணினிகள் பலவற்றுக்கு அந்தத் தகுதி கிடையாது.

லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். அவன் அடுத்துக் கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது. “போடலாம் அக்கா, ஆனா அதுல எலெக்ட்ரானிக் டிசைன் பண்ண முடியுமா?” படிவம் 2இல் ஆர்.பி.டி. பாடத்தில் மின்னணு வடிவமைப்புப் பகுதி வந்ததிலிருந்து அவனுக்கு அதில் ஒரு பித்து.

இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு வரியில் பதில் கிடைக்கவில்லை, ஒரு தவணை முழுக்கத் தேட வேண்டியிருந்தது. முதலாம் ஆண்டில் ஒரு மின்சுற்று ஒப்படைப்பு. விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருளின் கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். ஆய்வுக்கூடத்தில் உரிமம் உண்டு, ஆனால் மாலை ஐந்து மணிக்குக் கதவு பூட்டப்படும். வகுப்பில் பாதிப் பேர் என்ன செய்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பென்டிரைவ் கை மாறிக்கொண்டே இருந்தது. அதிலிருந்த திருட்டுப் பிரதியோடு வைரஸும் சேர்ந்து வந்து, என் தோழியின் மூன்று வார வேலையைத் தின்றுவிட்டது.

திருட்டுப் பிரதி குற்றம் என்று பாடம் நடத்த நான் வரவில்லை. பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அதைத் தவிர வேறு வழியே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அந்த நினைப்பு தவறு. வழி இருக்கிறது, இருபது முப்பது ஆண்டுகளாகவே இருக்கிறது. நமக்கு யாரும் காட்டவில்லை.

தேட ஆரம்பித்தால் முதலில் குழப்பம்தான் வரும். ஏனென்றால் ‘மின்னணு வடிவமைப்பு மென்பொருள்’ என்பது ஒற்றைப் பொருள் இல்லை. சுற்று வரைபடம் வரைய ஒன்று, அந்தச் சுற்று சரியாக வேலை செய்யுமா என்று கணினியிலேயே ஓட்டிப் பார்க்க ஒன்று, பாகங்களைப் பலகையில் அடுக்கிச் செம்புத் தடங்களை இழுக்க ஒன்று, சில்லையே வடிவமைக்க இன்னொன்று. இந்த நான்கையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

லினக்ஸில் இந்த வசதி இல்லாத காலமும் இருந்தது. 1990களில் அலெஸ் ஹ்வெஸ்டா என்பவர் லினக்ஸில் மின்சுற்று வரைய நல்ல இலவச மென்பொருள் எதுவும் இல்லாமல் சலித்துப் போனார். பிறகு தாமே எழுதத் தொடங்கி, 1998 ஏப்ரல் 1ஆம் தேதி ‘ஜி.இ.டி.ஏ.’ தொகுப்பின் முதல் பகுதியை வெளியிட்டார். பலரும் கைகொடுத்தார்கள். பல ஆண்டுகள் லினக்ஸ்காரர்களின் கருவி அதுதான். இன்று அதில் அவ்வளவு உயிரோட்டம் இல்லை. பழைய பட்டியல்களைப் பார்த்து யாராவது அதை நிறுவச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்று நிலைத்து நிற்பது கிகாட். அதைத் தொடங்கியவர் பிரான்ஸின் கிரெனோபில் நகரில் தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்திய ழான் பியேர் ஷராஸ். ஆண்டு 1992. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாத, ஓர் ஆசிரியரின் வேலை. 2013 முதல் செர்ன் அதற்குக் கைகொடுக்கத் தொடங்கியது. ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையம் அமைத்துத் துகள்களை மோதவிடும் அதே செர்ன்தான். அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது முக்கியம். தாங்கள் வடிவமைத்த மின்சுற்றுகளை உலகத்தோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆனால் விலையுயர்ந்த மென்பொருளில் வரைந்த கோப்பைப் பகிர்ந்தால், அதே மென்பொருளை வாங்க முடிந்தவர்கள் மட்டுமே திறக்க முடியும். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் சீட்டு விற்பது போல! அதனால்தான் எல்லோராலும் திறக்க முடிந்த கருவியை வளர்க்கப் பணமும் ஆளும் கொடுத்தார்கள். தடம் இழுக்கும்போது குறுக்கே நிற்கும் மற்றத் தடங்களைத் தானாகவே ஒதுக்கித் தள்ளும் வசதி அப்படி வந்ததுதான். 2019இல் கிகாட் லினக்ஸ் அறக்கட்டளையின் குடைக்குள் வந்தது.

இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் எல்லாம் ஒன்றா என்று கேட்டால், இல்லை. ஈகிள் கதையைப் பாருங்கள். 1988இல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் கொண்டுவந்த மென்பொருள். லினக்ஸிலும் ஓடியது. சிறிய பலகைகளுக்கு இலவசப் பதிப்பும் இருந்தது. எத்தனையோ மாணவர்கள் அதில்தான் கற்றார்கள். ஆர்டுயினோ ஊனோ பலகையின் கோப்புகளே ஈகிள் வடிவத்தில்தான் வெளியாயின. 2016இல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2017இல் சந்தா முறை வந்தது. 2026 ஜூன் 7 கடைசி நாள் என்று 2023இல் அறிவிப்பும் வந்துவிட்டது. விலை பூஜ்யமாக இருந்ததே தவிர, மூலநிரல் பயனர் கையில் இல்லை. ஷராஸ் நாளைக்கே ஓய்வெடுத்தாலும் கிகாட்டை வேறொருவர் எடுத்து நடத்தலாம், உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. எனக்கு ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற சொல்லின் பொருள் புரிந்தது இந்த இடத்தில்தான். நல்ல வேளை, ஈகிள் கோப்புகளைக் கிகாட் திறந்துகொள்ளும்.

சுற்றை ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு என்ஜிஸ்பைஸ் இருக்கிறது. அதன் மூதாதையான ஸ்பைஸ் 1973இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எழுதியவர் லாரன்ஸ் நேகல் என்ற மாணவர், வழிகாட்டியவர் பேராசிரியர் டொனால்ட் பெடர்சன். கேட்டவர்களுக்கெல்லாம் நிரலைக் கொடுத்தார்கள். இன்று காசுக்கு விற்கப்படும் எத்தனையோ மென்பொருள்களின் வயிற்றுக்குள் இருப்பது அந்த ஸ்பைஸின் வாரிசுதான். நாம் திருட்டுப் பிரதி தேடி அலையும் பொருளின் வேர், மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. 2018இல் வந்த கிகாட் 5 முதல் என்ஜிஸ்பைஸ் அதற்குள்ளேயே இணைந்து வருகிறது. இலக்கச் சுற்றுகள் என்றால் லாஜிசிம், வெரிலாக் எழுதினால் ஐகாரஸ். எல்லாம் லினக்ஸில் நேராக ஓடும்.

நடைமுறையில் சில தொல்லைகள் உண்டு, மறைக்க மாட்டேன். லினக்ஸ் தொகுப்போடு வரும் கிகாட் சில சமயம் பழைய பதிப்பாக இருக்கும். நண்பன் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது. குழுவாக வேலை செய்பவர்கள் முதல் நாளே ஒரே பதிப்பில் நில்லுங்கள். பாகங்களின் முப்பரிமாண மாதிரிகள் தனித் தொகுப்பு. அது பல ஜிபி இழுக்கும். தோட்டத்தில் கைப்பேசி டேட்டாவை நம்பியிருப்பவர்கள் அதை விட்டுவிடலாம், பலகை வடிவமைக்க அது தேவையில்லை. பழைய கணினியின் திரைச்செயலி தடுமாறினால், கிகாட்டின் அமைப்பில் சாதாரண வரைகலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆர்டுயினோவைச் செருகியதும் ‘அனுமதி இல்லை’ என்று லினக்ஸ் முறைத்தால் பயந்து விண்டோஸுக்கு ஓடாதீர்கள். உங்கள் பயனர் பெயரை ‘டயல்அவுட்’ என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் தீர்ந்தது. இந்த ஒரு வரி தெரியாமல் நான் இரண்டு இரவு விழித்திருந்தேன்.

தமிழில் கற்க ஏதாவது உண்டா என்று தம்பி கேட்டான். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் உட்படப் பல பாடங்களுக்குத் தமிழ் ஒலி உண்டு. சுமார் பத்து நிமிடக் காணொளிகள். பக்கத்தில் வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்துபார்க்க ஏற்றவை. அதே வளாகத்தின் ஃபோசி குழு, கிகாட்டையும் என்ஜிஸ்பைஸையும் வேறு சில கருவிகளையும் சேர்த்து ‘ஈசிம்’ என்ற தொகுப்பாகக் கொடுக்கிறது. இந்தியாவின் சாதாரணப் பொறியியல் கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. விலையுயர்ந்த உரிமம் வாங்க முடியாத கல்லூரி என்ன செய்யும் என்ற கேள்விக்கு ஒரு அரசுக் கல்வி நிறுவனம் கொடுத்த பதில் அது. நம் நாட்டிலும் 2004இல் மாம்பு, பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆர்வத்தின் சுவடு, நான் பார்த்த வகுப்பறைகளில் இல்லை.

இனி, நான் அடிக்கடி கேட்கும் எதிர்வாதம். “வேலைக்குப் போனால் கம்பெனியில் வேறு மென்பொருள்தான். கிகாட் கற்று என்ன பயன்?” உண்மைதான், பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஆல்டியம், கேடன்ஸ் போன்றவைதான் புழங்குகின்றன. அதிவேகப் பலகைகளுக்கு அவற்றில் இருக்கும் சில வசதிகள் கிகாட்டில் இல்லை. ஆனால் ஒரு மென்பொருளின் பொத்தான்களைக் கற்பது வேறு, வடிவமைப்பைக் கற்பது வேறு. மின்தேக்கியைச் சில்லின் காலுக்கு அருகில் ஏன் வைக்க வேண்டும், தரைத் தளத்தை ஏன் வெட்டக்கூடாது என்பது எந்த மென்பொருளிலும் மாறாது. மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு வண்டியின் பிராண்ட் மாறினால் என்ன? பத்து நிமிடம் தடுமாறுவான், அவ்வளவுதான். ராஸ்பெரி பை நிறுவனமே தன் கம்ப்யூட் மாடியூல் 4க்கான துணைப் பலகையின் கோப்புகளைக் கிகாட் வடிவத்தில் வெளியிட்டது. வேலைச் சந்தைக்குத் தெரியாத பொருள் என்று இனியும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை அறிந்தபோது நானே வியந்தேன். சில்லு வடிவமைப்பின் உச்சியில் இருக்கும் கேடன்ஸ், சினாப்சிஸ் நிறுவனங்களின் கருவிகள் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸில்தான். பல்லாயிரம் ரிங்கிட் உரிமம் போட்ட பொறியாளர், கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக்கொண்டு லினக்ஸில் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊரிலோ லினக்ஸ் என்றால் கணினி வாங்க வக்கில்லாதவன் போட்டுக்கொள்வது என்ற எண்ணம். பழைய மடிக்கணினியில் வேறு வழியில்லாமல் லினக்ஸ் கற்கும் தோட்டத்துப் பிள்ளை, தெரியாமலேயே அந்தத் துறையின் தாய்வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான்.

நெகிரி செம்பிலானுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சிரம்பானில் ஆன் செமிகண்டக்டரின் ஆலை இருக்கிறது; 1999 வரை அது மோட்டோரோலாவின் பகுதி. செனாவாங், துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைகளில் மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. பால்மரம் வெட்டிய பாட்டிமார்களின் மகள்கள் தோட்டத்து வாசலில் விடிகாலை பஸ் ஏறி, அந்த ஆலைகளில் ஆபரேட்டர்களாகச் சேர்ந்தார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துச் சில்லுகளைச் சோதித்தே பார்வை மங்கியவர். தம் கையால் எத்தனை சில்லுகள் கடந்து போயிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவற்றை வரைந்தவர் யார் என்று கேட்டால், “அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் வரைவான்” என்பார்.

நாடும் இதைத்தான் கவலையாகச் சொல்கிறது. உலகச் சில்லுச் சோதனை, பொதியிடல் வேலையில் மலேசியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு. ஆனால் வடிவமைப்பில் நாம் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறோம். 2024 மே 28இல் பிரதமர் அறிவித்த தேசியச் செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியாளர்களை உருவாக்கப் போவதாகச் சொல்கிறது. அதற்கான அரசு ஆதரவு 25 பில்லியன் ரிங்கிட். 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தோடு பத்தாண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நல்லது. அந்த 60,000 பேரில் நம் தோட்டப்புற வீடுகளிலிருந்து எத்தனை பேர்? ஆய்வுக்கூடக் கதவு பூட்டிய பிறகும், விடுமுறையிலும், இரவு பத்து மணிக்கும் பழகிப் பார்க்க முடிந்தவர்கள்தான் இந்தத் துறையில் தேறுவார்கள். உரிமம் வளாகத்துக்குள் மட்டும் இருந்தால், அந்தப் பழக்கம் காசு உள்ள வீட்டுக்கு மட்டுமே கிடைக்கும்.

சில்லு வடிவமைப்பும் இன்று மாணவருக்கு முழுதாக எட்டாக்கனி இல்லை. 2020இல் கூகுளும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து 130 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் விவரங்களைப் பொதுவில் வைத்தன. 1980களில் பெர்க்லியில் எழுதப்பட்ட மேஜிக் என்ற மென்பொருள் அதற்கு மீண்டும் பயன்பட்டது! டைனி டேப்அவுட் என்ற திட்டம், பலரின் சிறு வடிவமைப்புகளை ஒரே சில்லில் சேர்த்துத் தயாரிக்க அனுப்புகிறது. இடையில் அந்தச் சில்லுகளைத் தயாரிப்புக்கு அனுப்பிவந்த ஈஃபேப்லெஸ் நிறுவனம் 2025இல் மூடிக்கொண்டது. பலரின் வேலை அந்தரத்தில் நின்றது. கருவிகளும் கோப்புகளும் திறந்தவையாக இருந்ததால், ஜெர்மனியின் ஐ.எச்.பி. ஆய்வுக்கூடம் போன்ற வேறு வழிகளைத் தேடிப் போக முடிந்தது.

பல்கலைக்கழகங்களிடமும் பாலிடெக்னிக்குகளிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒப்படைப்பைக் குறிப்பிட்ட நிறுவனத்தின் கோப்பாகத்தான் தர வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். பலகைத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஏற்கும் கெர்பர் கோப்பும், சுற்று வரைபடத்தின் பி.டி.எஃப்.உம் மதிப்பெண் போடப் போதும். ஆய்வுக்கூடக் கணினிகளில் கிகாட்டையும் ஏற்றி வையுங்கள். விண்டோஸிலும் அது ஓடும், செலவு ஒரு சென் இல்லை. ‘எனக்கு அது தெரியாது, அதனால் உதவ முடியாது’ என்று ஒரு விரிவுரையாளர் என்னிடம் நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். மூத்த மாணவர்களை வைத்து ஒரு சனிக்கிழமைப் பட்டறை நடத்தினால் அவரும் வந்து உட்காரலாமே.

அந்தத் தம்பியின் கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டோம். டிசம்பர் விடுமுறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பலகை வரைந்தோம். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒலி எழுப்பும் கருவி, ஏனென்றால் அவன் வீட்டில் பம்பை அடைக்க மறந்து வாரத்துக்கு இரண்டு முறை வாசல் குளமாகும். ஏ.டி.டைனி85 மைக்ரோகன்ட்ரோலர், மூன்று எல்.இ.டி., ஒரு பஸ்ஸர். கெர்பர் கோப்பைச் சீனாவுக்கு அனுப்பினோம். ஐந்து பலகைக்குச் சில டாலர்தான், அஞ்சல் செலவுதான் அதைவிட அதிகம். பொட்டலம் வந்த அன்று என் அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய பழக்கம். முதலில் சாலிடர் இடங்களைத்தான் பார்த்தார்.

குறையை அவர்தான் கண்டுபிடித்தார். பஸ்ஸரின் கால்களுக்கு இடையே 7.6 மில்லிமீட்டர் என்று நான் தேர்ந்தெடுத்திருந்தேன், சிரம்பான் கடையில் வாங்கி வைத்திருந்த பஸ்ஸரின் இடைவெளி 6.5. கால்களைக் கொஞ்சம் வளைத்துச் செருகினோம், ஒலிக்கிறது. இரண்டாம் பதிப்பில் அளவைத் திருத்துவது தம்பியின் வேலை. எஸ்.பி.எம். ஆண்டு தொடங்கிவிட்டதால், “வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் அக்கா” என்று இப்போதே சொல்லிவிட்டான்.